புள்ளலூரில் எடுத்த இரண்டு படங்கள்

என் எழுத்து மேஜைக்கு எதிர்ச் சுவரில் இரண்டு புகைப்படங்கள் மாட்டியிருக்கின்றன. இரண்டும் ஒரே இடத்தில் எடுத்தவை, எடுத்தவனும் ஒருவனே. முதல் படத்தில் அந்தி வானம், சிவப்பும் ஊதாவுமாக. அதன் நடுவே கரிய நிழலாக, ஈட்டி முனை போலக் கூம்பிய ஒரு நினைவுத் தூண். இரண்டாவது படத்தில் வானம் ஒரு விரற்கடை அகலம்தான். மற்றதெல்லாம் வெயில், வயல், வரப்பு, மண்வெட்டியோடு ஒரு மனிதர், அவருக்குப் பின்னால் வெளுத்துப்போன இரண்டு தூண்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதல் படத்தின் முன்னால்தான் நிற்கிறார்கள். "அடடா, என்ன படம் ஸார்!" என்கிறார்கள். நான் உள்ளே பார்த்துக் காப்பிக்குக் குரல் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுகிறேன். அந்தப் படம் எனக்கு எழுபது பக்கம் செலவு வைத்த படம். எழுபது பக்கம் என்றால், எழுதி முடித்துத் திருத்தி, பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்த நாவலின் எழுபது பக்கம்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

காஞ்சிபுரத்துக்கு வடக்கே, பஸ்ஸில் முக்கால் மணிப் பயணத்தில், புள்ளலூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. மகேந்திர பல்லவர் புள்ளலூரில் தம் முக்கியப் பகைவர்களை அழித்தார் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. யார் அந்தப் பகைவர் என்று மட்டும் அது சொல்லவில்லை. சளுக்க மன்னன் புலிகேசியாகத்தான் இருக்கவேண்டும் என்று சரித்திரக்காரர்கள் ஊகிக்கிறார்கள். ஆனால் புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டைப் படித்தால் கதை வேறு. பல்லவனைக் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளச் செய்தவன் புலிகேசி என்று அங்கே பெருமையாகப் பொறித்திருக்கிறார்கள். இரண்டு பேருமே ஜயித்திருக்கிறார்கள்! கல்லில் வெட்டினவர்களுக்கும் செம்பில் வெட்டினவர்களுக்கும் தோல்வி என்ற வார்த்தையே தெரியாது போலிருக்கிறது.

அதே புள்ளலூரில் ஆயிரத்து நூற்றைம்பது வருஷம் கழித்து இன்னொரு சண்டை. இங்கிலீஷ்காரர்கள் புள்ளலூரைப் 'பொள்ளிலூர்' என்று எழுதினார்கள். 1780-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஹைதர் அலி பெரும்படையோடு மைசூரிலிருந்து கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். ஆற்காட்டை முற்றுகையிட்டார். சென்னையிலிருந்த கம்பெனியாருக்குக் கதி கலங்கிவிட்டது. பக்ஸாரில் வெற்றி கண்ட ஸர் ஹெக்டர் மன்றோ ஒரு படையோடு காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். வடக்கேயிருந்து கர்னல் வில்லியம் பெய்லி இன்னொரு படையோடு வந்து அவரோடு சேரவேண்டும். சேர்ந்திருந்தால் சரித்திரம் வேறு மாதிரி போயிருக்கும்.

வழியில் கொசஸ்தலையாறு. பெய்லி வந்தபோது ஆற்றில் அதிகத் தண்ணீர் இல்லை. நாளைக் காலையில் கடந்தால் போதும் என்று வடகரையில் கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் அக்கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவழியாகக் கடந்து பெரம்பாக்கம் வந்தபோது, செப்டம்பர் 6-ஆம் தேதி, திப்பு வந்து மறித்தார். பீரங்கிச் சத்தம் காஞ்சிபுரத்தில் மன்றோவின் காதில் விழுந்தது. நடுவில் பதினான்கு மைல்தான். ஆனால் கோயிலுக்குள் சேர்த்து வைத்திருந்த தானியத்தையும் தளவாடத்தையும் விட்டுவிட்டு நகர அவருக்கு மனமில்லை. கர்னல் ஃப்ளெட்சரோடு ஓர் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பிவைத்தார்.

செப்டம்பர் 10-ஆம் தேதி விடியற்காலையில் புள்ளலூரில் முடிவு வந்தது. திப்புவோடு ஹைதரின் முழுப்படையும் சேர்ந்துகொண்டது. ராக்கெட் பாணங்கள் பறந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அவரிடம் இருந்தவர்கள் 3,800 பேருக்கு மேல்; அதில் பெரும்பகுதி நம் ஊர்ச் சிப்பாய்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் 86 பேரில் 36 பேர் அங்கேயே மாண்டார்கள். பெய்லி கைதியானார். மறுநாள் மன்றோ கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார்.

எந்த நாவலாசிரியனுக்குத்தான் கை துறுதுறுக்காது? ஒரு ராத்திரி வெள்ளம், பதினான்கு மைல் தூரம், காதில் விழுந்த பீரங்கிச் சத்தம், நகராத சேனாதிபதி! நானும் ஒரு நாவலை ஆரம்பித்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒருவர், "புள்ளலூர்ல பெய்லி தொரை சமாதி இருக்குது சார்" என்று சொன்னார். அன்று சாயங்காலமே காமிராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போய்ச் சேரும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வயல்களுக்கு நடுவே தூண் நின்றது. அடியில் எழுத்து இருந்தது. பாசியும் நிழலுமாக ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறாரே! வானத்தின் சிவப்பு எனக்காகவே வந்த மாதிரி இருந்தது. கீழே மண்டியிட்டு, தூண் வானத்தைக் குத்துகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். ராத்திரி ஊர் திரும்பியதும் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். தோற்ற சேனாதிபதி தோற்ற களத்திலேயே தனிமையில் உறங்குகிறார், அவருக்குத் துணை ஒரு பனைமரமும் அந்தி வானமும் என்றெல்லாம் எழுதி, படத்தோடு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். வந்தது. கடிதங்களும் வந்தன. கண்ணீர் விட்டதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நாவலின் தொடக்கத்தையே மாற்றி, பெய்லியின் சமாதியருகில் ஒரு கிழவர் கதை சொல்வதாக எழுபது பக்கம் எழுதினேன்.

இனி எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அதற்குப் பெயர் கிடையாது. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஸ்டூடியோக்காரர், பாங்கில் வேலை பார்க்கும் ஒரு பையன், ஓய்வு பெற்ற சரித்திர டீச்சர் ஒருவர், எழுபதை நெருங்கும் ஒரு தறிக்காரப் பெரியவர், இன்னும் வருவதும் போவதுமாகச் சிலர். பெரியவரிடம் காமிராவே கிடையாது. பேரன் படம் எடுக்கிறானே என்று துணைக்கு வந்தார். பேரன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான், இவர் நின்றுவிட்டார்.

ஆளுக்கு ஒரு படம், காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டுவரவேண்டும். காமிராவின் முதுகிலோ கைப்பேசியிலோ காட்டுவதை ஸ்டூடியோக்காரர் ஒப்புக்கொள்ளமாட்டார். கொடியில் துணி உலர்த்துவது போலக் கிளிப் போட்டு மாட்டுவோம். ஒவ்வொருவராகக் குறை நிறை சொல்வார்கள். எல்லோரும் பேசி முடிக்கிற வரையில் படம் எடுத்தவன் வாயைத் திறக்கக்கூடாது. இதுதான் சட்டம். எழுத்தாளனுக்கு இதைவிடக் கொடிய தண்டனையை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இப்படி நாலு பேர் பார்வைக்குப் படத்தை வைப்பது நம் பக்கத்தில் புதிதொன்றும் அல்ல. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1854-ல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படம் பிடித்து, மறு வருஷம் சென்னைக் கண்காட்சியில் வைத்தார். நடுவர்கள் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள். 1856-ல் சென்னையில் புகைப்படக்காரர்களின் சங்கமே தோன்றிவிட்டது. சித்திரப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர்தான் அதற்கும் மூலகாரணம். பிறகு ட்ரைப் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராகி, மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று பெரிய பெட்டிக் காமிராவைச் சுமந்துகொண்டு அலைந்தார். 1859-ல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன், இதெல்லாம் நம் கஜானாவுக்குத் தாங்காத ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். அந்த ட்ரைப்பின் படங்களில் மேகங்கள் அழகாக இருக்கும். அந்தக் காலத்து நெகடிவில் மேகம் விழாது. வானம் வெறும் வெள்ளையாகத்தான் வரும். மனிதர் நெகடிவின் மேல் தாமே மேகத்தைத் தீட்டிவிடுவாராம்! நான் மேகம் தீட்டவில்லை. நான் செய்தது அதைவிட மோசம்.

என் படத்தை நான் மாட்டியபோது எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அச்சில் வந்த படம் அல்லவா?

பாங்க் பையன், "கலர் சூப்பர் ஸார்" என்றான். நான் பெருந்தன்மையோடு தலையசைத்தேன்.

ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். "கீழே எழுத்து இருக்குது. ஒரு எழுத்துகூடப் படிக்க முடியல. சமாதியைப் படம் எடுக்கறவர் எழுத்தை விட்டுட்டா, கல்யாணப் படத்துல பொண்ணை விட்ட மாதிரிதான்" என்றார்.

டீச்சர் அம்மாள் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எழுத்துப் படிக்க முடியலைன்னா, இது பெய்லியோட சமாதின்னு ஸாருக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, படத்திடம் கேட்டார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. "பெய்லி செத்தது ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில. 1782 நவம்பர். அங்கேதான் அவருக்கு நினைவு மண்டபமும் இருக்கு."

நான் வாயைத் திறந்தேன். ஸ்டூடியோக்காரர் விரலை உயர்த்தினார். மூடிக்கொண்டேன்.

கடைசியில் தறிக்காரப் பெரியவர். அவர் எந்தப் படத்தையும் தூர நின்று பார்ப்பதில்லை. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "அங்கே இந்த மாதிரி ஒண்ணுதான் இருக்குதா தம்பி?" என்று கேட்டார். சட்டத்தை மீறாமல் இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டா? இன்னொண்ணு எங்கே?"

இன்னொன்றை நான் வேண்டுமென்றேதான் வெட்டியிருந்தேன். சேனாதிபதியின் தனிமைக்கு அது இடைஞ்சலாக இருந்தது.

"புடவை வாங்க வர்றவங்க முந்தானையைத்தான் விரிச்சுப் பார்ப்பாங்க" என்றார் பெரியவர். "நாங்க உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம். உடம்பும் கரையும் சேர்ற கோர்வை ஒழுங்கா இருக்குதான்னு அங்கேதான் தெரியும். தம்பி முந்தானையை மட்டும் விரிச்சிட்டு வந்திருக்கு."

அன்று நான் டீ குடிக்காமல் கீழே இறங்கிவிட்டேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போகவில்லை. தறி நெய்கிறவருக்குப் புகைப்படத்தைப் பற்றி என்ன தெரியும், வாத்தியாரம்மாவுக்கு நாவலைப் பற்றி என்ன தெரியும் என்று வீட்டில் உலாவிக்கொண்டே தர்க்கம் செய்தேன். தர்க்கத்தில் நானே ஜயித்தேன். புலிகேசியையும் மகேந்திரரையும் போல. ஆனால் அந்த இரண்டாவது தூண் மட்டும் ராத்திரியில் கண்ணை மூடினால் வந்து நின்றது. ஒரு மனிதனுக்கு எதற்கு இரண்டு சமாதி?

ஒரு நாள் காலையில் ஸ்டூடியோவுக்குப் போய், ஒன்றும் நடக்காத மாதிரி, தேய்ந்த எழுத்தைப் படம் எடுப்பது எப்படி என்று கேட்டேன். அவரும் ஒன்றும் நடக்காத மாதிரியே சொன்னார். வெளிச்சம் எதிரிலிருந்து விழுந்தால் எழுத்தின் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். பக்கவாட்டிலிருந்து, கல்லை உரசிக்கொண்டு போகிற மாதிரி வெளிச்சம் விழவேண்டும். அப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கோடு நிழல் தங்கும். சூரியன் அந்த இடத்துக்கு வராவிட்டால் ஒரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அடிக்கலாம். "சாக்பீஸைத் தேய்ச்சிடாதீங்க. படிக்கறவர் நினைச்ச எழுத்துதான் அப்புறம் அங்கே இருக்கும்" என்றார். ஸ்டூடியோவில் தலைவாருகிற நீளக் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தார். அதைப் பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் போடலாமா என்று யோசித்தார்.

புள்ளலூரில் வெயில் ஏறியிருந்தது. வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்த ஒருவர், நான் கண்ணாடியை வைத்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். "என்னாத்துக்கு சார் இதைப் போய் எடுக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியை வாங்கிப் பிடித்தார். அவர் கையைக் கொஞ்சம் சாய்த்ததும் வெயில் கல்லின் மேல் ஊர்ந்தது. ஒன்றுமில்லாதிருந்த இடத்தில் எழுத்து எழுந்தது. திரை தூக்கினாற் போலத்தான் இருந்தது.

பெய்லியின் பெயர் எங்கும் இல்லை. ஒரு தூண் லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு. மற்றது காப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப்புக்கு. மாதம் செப்டம்பர் அல்ல, ஆகஸ்டு. வருஷம் 1780 அல்ல, 1781.

இது இரண்டாவது புள்ளலூர்ச் சண்டை. பெய்லி விழுந்து ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 1781 ஆகஸ்டு 27-ஆம் தேதி நடந்தது. கிழட்டுச் சிங்கமான ஸர் ஐயர் கூட், பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றுவிட்டு இந்தப் பக்கம் வந்தார். ஹைதரோ போன வருஷம் ராசியாக இருந்த அதே களம் இந்த வருஷமும் ராசியாக இருக்கும் என்று ஜோசியர்கள் சொன்னதைக் கேட்டு அங்கேயே காத்திருந்தார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கூட்டின் சிப்பாய்கள் களத்துக்கு வந்தபோது, பெய்லியின் ஆட்களுடைய எலும்புகள் இன்னும் வயலில் கிடந்தன. நாள் முழுவதும் பீரங்கி. ஜெனரல் ஸ்டுவர்ட்டுக்கு ஒரு கால் போயிற்று. பிரவுன் போனார். கூட்டின் ஏ.டி.ஸி.யாக இருந்த ஹிஸ்லப் போனார். சாயங்காலம் ஹைதர் பின்வாங்கினார். கூட்டும் தின்ன அரிசியில்லாமல் திரும்பினார். யார் ஜயித்தது என்று கேட்டால் இன்றைக்கும் தெளிவான பதில் கிடையாது. தோல்வியின் தனிமை என்று நான் உருகி உருகி எழுதினேனே, அது இரண்டு பேரும் ஜயித்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு சண்டையின் ஞாபகச் சின்னம்!

டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி ஊர் ஊராகச் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் திரட்டி, 1905-லேயே பெரிய புஸ்தகமாகப் போட்டிருக்கிறார் என்றார். "இப்படிப்பட்ட சந்தேகத்துக்கெல்லாம் அதைத்தான் முதல்ல எடுத்துப் பார்க்கணும்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா நீங்க கல்லையே பார்த்துட்டீங்க. அதுவும் சரிதான்" என்று முடித்தார். நல்ல மனுஷி.

இரண்டாவது முறை கூட்டத்தில் மாட்டியது எழுத்து தெரிகிற படம். ஸ்டூடியோக்காரர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். டீச்சர் தேதியை உரக்கப் படித்தார். எனக்குப் பரீட்சையில் தேறின சந்தோஷம். பெரியவர் மட்டும் படத்தைத் திருப்பினார். "பின்பக்கம் எடுத்தியா தம்பி?"

"பின்பக்கம் ஒன்றுமில்லை ஐயா. வயல்தான்" என்றேன், சட்டத்தை மறந்து.

"செத்தவங்க எல்லாரும் அங்கேதானே இருக்காங்க?"

யாரும் பேசவில்லை. பாங்க் பையன், எத்தனை பேர் என்று கேட்டான். முதல் சண்டையில் பெய்லியோடு வந்தவர்கள் 3,800-க்கு மேல் என்று டீச்சர் கணக்குச் சொன்னார். அதிகாரிகளில் இத்தனை பேர் மாண்டார்கள், இத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று தலைக்கணக்கு இருக்கிறது. சிப்பாய்களுக்கு ஆயிரக்கணக்கில் ஒரு மொத்தத் தொகைதான். ஹைதர் பக்கத்தில் மடிந்தவர்களுக்கு அதுவும் சரியாகக் கிடையாது. அந்தச் சண்டைகளால் ஊர் பாழாகி, பஞ்சத்தில் சென்னைக்கு ஓடி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத்தான் 1782-ல் மணியக்காரர் சத்திரம் தொடங்கியது என்றும் சொன்னார். ஓடியவர்களில் தறிக்காரர்களும் இருந்திருப்பார்கள். "இல்லாம என்ன? குழியில தண்ணி நின்னா தறி நிக்கும். ஊரே காலியானா?" என்று பெரியவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

அந்த வருஷம் லீவில் ஸ்ரீரங்கப்பட்டணம் போயிருந்தேன். திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ச் சண்டை தீட்டியிருக்கிறது. 1784-ல் தீட்டிய சித்திரம். ஹைதரும் திப்புவும் யானை மேல் வருகிறார்கள். நடுவில் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். பிற்பாடு வெள்ளைக்காரர்கள் அந்த மாளிகையைப் பிடித்துக்கொண்டபோது, அதே சித்திரத்தை அவர்களே பழுது பார்த்தார்கள். டல்ஹௌஸி காலத்தில் திருப்பித் தீட்டவும் செய்தார்கள். தோற்றவன் செலவில் புதுப்பித்த வெற்றி! உலகத்தில் வேறெங்கே பார்க்கமுடியும்? அந்தச் சண்டையைக் காகிதத்தில் வரைந்த ஒரு பழைய பிரதி 2022-ல் லண்டனில் ஸாத்பி ஏலத்தில் 6,30,000 பவுனுக்குப் போயிற்று.

நான் சுவரருகில் வெகுநேரம் நின்று பார்த்தேன். பல்லக்கில் இருப்பவர் யார் என்று தெரிகிறது. யானை மேல் இருப்பவர் யார் என்று தெரிகிறது. சிவப்புச் சட்டைக்காரர்களின் முகமெல்லாம் ஒரே அச்சு. ஒரு பாவில் ஓடுகிற இழைகளைப் போல. சித்திரக்காரனைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. நானும் அதே காரியத்தைத்தான் செய்தேன். அவனாவது இரண்டு தூணில் ஒன்றை வெட்டவில்லை.

ஊர் திரும்பியதும் எழுபது பக்கத்தையும் எடுத்து ஓரமாக வைத்தேன். கிழித்தேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும், கிழிக்கவில்லை. பின்பக்கம் காலியாக இருந்ததால் கணக்கு எழுத உபயோகப்படுத்தினேன். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். நாலு வரியாகச் சுருக்கி, ஒரு பல்பொடி விளம்பரத்துக்குப் பக்கத்தில் போட்டார்கள். கண்ணீர் விட்ட இரண்டு பேரும் அதைப் பார்த்தார்களா என்று தெரியாது. நாவல் மறுபடி தொடங்கியது. ஆனால் இப்போது அது கொசஸ்தலையாற்றின் வடகரையில், பெயர் இல்லாத ஒரு சிப்பாய் வெள்ளம் வடிகிறதா என்று குச்சி நட்டுப் பார்ப்பதில் தொடங்குகிறது. அவனுக்குப் பெயர் வைக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை. என் இஷ்டத்துக்கு ஒரு பெயரை ஒட்டிவிட்டால், அது மறுபடியும் அந்திவானப் படம்தானே?

மூன்றாவது முறை போனபோது நான் தூண்களின் பின்பக்கமாகச் சுற்றிப் போய், வயலுக்குள் இறங்கி, வரப்பில் நின்றேன். கண்ணாடி பிடித்த அதே விவசாயி மண்வெட்டியோடு நின்றிருந்தார். அவர் முன்னால், தூண்கள் பின்னால். சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது. உச்சி வெயில், எந்தப் புகைப்பட நூலும் சம்மதிக்காத நேரம். அதுதான் சுவரில் இருக்கும் இரண்டாவது படம். கூட்டத்தில் இதற்கும் தாராளமாகக் குறை சொன்னார்கள். வரப்பு கோணல் என்றார் ஸ்டூடியோக்காரர். மனிதரின் முகத்தில் தலைப்பா நிழல் விழுந்து கண் தெரியவில்லை என்றான் பையன். இரண்டும் உண்மை. பெரியவர் கையில் வாங்கிப் பார்த்தார். இந்தத் தடவை திருப்பவில்லை. அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை.

படத்தின் ஒரு பிரதியைச் சட்டம் போட்டு அந்த விவசாயியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தூண்களைப் பார்க்கவில்லை, தம்மையும் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், வயலின் ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"இங்கே பயிர் மஞ்சளா இருக்குது பாருங்க சார்" என்றார். "அப்போ தண்ணி ஏறல. பத்து நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா, நல்லா இருந்திருக்கும்."